கணக்கரின் வழியில்: தஞ்சாவூர், வார்தா, கல்லுப்பட்டி

முதல் நாள், ஜனவரி 24, தஞ்சாவூர்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்தோரு ஆண்டு கழித்துச் செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். சங்கத்தின் பெயர் வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்பது போதும். பயிர்க்கடன், நகைக்கடன், உரமூட்டை, ரேஷன் அரிசி என்ற நான்கிலேயே என் உத்தியோக வாழ்க்கை அடங்கிவிடும். தணிக்கைக்கு முந்தைய இரவுகளின் தூக்கமின்மையையும் சேர்த்தால் ஐந்து.

கூட்டுறவுப் பயிற்சியில் சேர்ந்தபோது, இங்கிலாந்தில் கூட்டுறவுக் கடை தொடங்கிய ராச்டேல் முன்னோடிகளை மனப்பாடம் செய்தோம். 1844, 28 பேர், மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி. நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதே தஞ்சாவூரில் பிறந்து, காந்தியோடு வேலை செய்த பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பாவைப் பற்றி அங்கே ஒரு வரி படித்த நினைவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பழைய புத்தகக் கடையில், அவர் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்', அட்டை கிழிந்தது, இருபது ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டாம் நாளே எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய பக்கங்கள், அவர் எங்கள் சங்கத்துக்கு நேரில் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுதியவை போல இருந்தன. கோபம் ஆறியபின் மறுபடி படித்தேன். அப்புறம்தான் அவர் வேலை செய்த மகாராஷ்டிரத்து வார்தாவையும், கடைசிக் காலத்தில் வாழ்ந்த மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டியையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஜனவரி 30 அவருடைய நினைவு நாள். அன்றைக்குக் கல்லுப்பட்டியில் இருப்பதாகக் கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்தேன்.

"மதுரைக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலிக்கிறது. யாரோ ஒரு கணக்குப்பிள்ளைக்காக வார்தா வரைக்கும் போக வலிக்காதாக்கும்" என்றாள் என் மனைவி. கணக்குப்பிள்ளை என்று அவள் சொன்னது சரிதான். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தியவர் அவர்.

1892 ஜனவரி 4 அன்று இங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தபோது வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். குமரப்பா என்பது பிற்பாடு அவரே திரும்ப எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர். எந்தத் தெருவில் வீடு என்று விசாரிக்கலாமே என்று காலையில் இரண்டு மணி நேரம் சுற்றினேன். "குமரப்பாவா? பாத்திரக்கடையா?" என்று கேட்டார் ஒருவர். அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

ஊருக்கு வெளியே சம்பா அறுவடை நடக்கிறது. வயலில் இயந்திரம் உறுமிக்கொண்டு போகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டுமே என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு உழவன் எக்ஸ்பிரஸ்.

இரண்டாம் நாள், ஜனவரி 25, சென்னை

மாலை ரயிலுக்குப் பகல் முழுவதும் இருந்ததால் திருவல்லிக்கேணிக்கு நடந்தேன். கூட்டுறவுக்காரனுக்கு அந்தப் பேட்டை பார்த்தசாரதி கோயிலுக்கு மட்டும் உரியதன்று. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் அங்கேதான் தொடங்கியது, தொடங்கியவர்களில் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியும் ஒருவர். அதே 1904இல்தான் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானதும் அந்த வருடமே.

இதற்கெல்லாம் முன்னால் நிக்கல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரியைச் சென்னை அரசாங்கம் ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே விவசாயிக்கு எப்படிக் கடன் கிடைக்கிறது என்று பார்த்துவரச் சொன்னது. அவர் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை எழுதி, அதன் சாரத்தை 'ரைஃபைசனைக் கண்டுபிடி' என்று சொல்லி முடித்தார். ஜெர்மன் கிராமங்களில் கடன் சங்கங்களை உண்டாக்கிய ரைஃபைசனைப் போல ஒருவர் இங்கேயும் கிடைக்க வேண்டும் என்பது பொருள். பயிற்சியில் இந்த வரியை எழுதினால் இரண்டு மதிப்பெண்.

எனக்கு அதில் இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது. நம் ஊர்க் கூட்டுறவு பிறந்ததே கடன் சங்கமாகத்தான். கந்துவட்டிக்காரனிடமிருந்து குடியானவனை மீட்க வேண்டும் என்பது அன்றைய அவசரம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிறந்த குணம் போகவில்லை. நூறு ஆண்டுக்குப் பிறகும் எங்கள் சங்கத்துக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "எவ்வளவு வேண்டும்?" என்பதுதான். "என்ன விளைந்தது?" என்று நான் எந்த உறுப்பினரையும் கேட்டதில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி உண்டு. நானே நிரப்பிவிடுவேன்: நெல்.

ரத்னா கபேயில் சாம்பார் இட்லி. அதைச் சாப்பிடாமல் திருவல்லிக்கேணியைக் கடப்பது தப்பு.

மூன்றாம் நாள், ஜனவரி 26, ரயிலிலும் சேவாகிராம் நிலையத்திலும்

மேல் படுக்கை. வேட்டியோடு ஏணியில் ஏறி இறங்குவது அறுபதைத் தாண்டியவனுக்கு ஒரு வித்தை. குமரப்பா வேட்டியையும் பைஜாமாவையும் சேர்த்து 'தோத்திஜாமா' என்று ஓர் உடையைத் தாமே வடிவமைத்துப் போட்டுக்கொண்டவர். படித்தபோது சிரித்தேன். நள்ளிரவில் கழிப்பறைக்கு இறங்கும்போது அவருடைய அறிவு புரிந்தது.

அந்த உடைக்கு அவர் வந்து சேர்ந்த வழி பெரியது. 1927இல் அமெரிக்கா போய், சிராக்யூஸில் ஒரு பட்டமும் கொலம்பியாவில் செலிக்மன் என்ற பேராசிரியரிடம் பொதுநிதி படித்து ஒரு பட்டமும் வாங்கினார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவை ஒரு தணிக்கைக்காரரின் கண்ணோடு பார்த்து, இந்தியாவின் வறுமைக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஆய்வு எழுதினார். அதை வெளியிடும் விஷயமாக 1929 மே 9 அன்று சபர்மதிக்குப் போனார். பட்டு சூட், கையில் தடி. நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் ஆற்றோரமாக உலாவப் போனார். மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா நின்று வேடிக்கை பார்த்தார். குறித்த நேரம் வந்ததும் கிழவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் குமரப்பாதானா?" என்று கேட்டார். அப்போதுதான் அவர் காந்தி என்பது தெரிந்தது. தேய்த்து மடித்த சூட்டோடு அவர் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காந்தி அந்த ஆய்வைத் தம் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட்டார். கூடவே, குஜராத்தில் ஒரு கிராமக் கணக்கெடுப்பு நடத்த முடியுமா என்று கேட்டார். கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகாவின் 54 கிராமங்களில், காந்தி தொடங்கிய குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களோடு வீடு வீடாகப் போனார் குமரப்பா. பம்பாய்க் கம்பெனிகளின் ஏட்டைப் பார்த்த கண், ஏடே இல்லாத குடும்பத்தின் வரவு செலவைப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான்.

நான் ஒரு நோட்டில் பயணச் செலவு எழுதுகிறேன். தேநீர் 10, தண்ணீர் 15. பழக்கதோஷம். 1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக் கணக்கு குமரப்பாவின் கையில்தான் இருந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளுக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்தார். காந்தி தம் கூட்டத்தோடு பாட்னாவுக்கு வந்தார். அவர்களுடைய செலவையும் காருக்கான பெட்ரோலையும் நிவாரண நிதியில் எழுத முடியாது என்று காந்தியின் செயலர் மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார் குமரப்பா. காந்தி கூப்பிட்டு விசாரித்து, ஒப்புக்கொண்டார். எங்கள் சங்கத்துக்கு வந்துபோன பெரியவர்களுக்கு வாங்கிய இளநீர், மாலை, பிரியாணி எல்லாவற்றையும் நான் எந்தெந்தத் தலைப்பில் எழுதினேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

பகலில் சேவாகிராம் நிலையத்தில் இறங்கினேன். நடைமேடையில் குடியரசு தினக் கொடி. ஊருக்குள் ஒரு விடுதி. இரவு சோளரொட்டியும் கடலைமாவில் கிண்டிய ஜுன்காவும்.

நான்காம் நாள், ஜனவரி 27, மகன்வாடி

தமிழில் எழுதும்போது 'மகன்' என்று வந்துவிடுகிறது. மகன்லால் என்பவர் காந்திக்கு அண்ணன் முறையில் பிள்ளை. மகனுக்கும் மேலாகக் காந்தி நம்பியிருந்தவர். 1928இல் இறந்துபோனார். வார்தாவின் தொழிலதிபர் ஜம்னாலால் பஜாஜ் காந்திக்குக் கொடுத்த தோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தமிழ் எழுத்து தப்பாகச் சொல்லவில்லை.

இந்த மகன்வாடியிலிருந்து இயங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் 1934 டிசம்பரில் தொடங்கியபோது அதன் செயலாளர் குமரப்பா. செயலாளர் என்றதும் எனக்கு ஓர் உறவு. வார்தா ஊருக்குள்ளேயே இருக்கிறது இந்த இடம். இப்போது கிராமத் தொழில்களுக்கான மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும், மகன் சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகமும் இருக்கின்றன. அருங்காட்சியகத்தைக் காந்தி திறந்துவைத்தது 1938 டிசம்பர் 30 அன்று.

உள்ளே ராட்டைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். காலால் மிதித்து இரண்டு கையாலும் நூற்கும் மகன் ராட்டை எனக்குப் புதிது. எண்ணெய்ச் செக்கு, கைக்காகிதம், மண்பாண்டம். எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது மகன் தீபம் என்ற விளக்கின் கதை. கிராமத்தில் கிடைக்கும் தாவர எண்ணெயில் எரிவதற்காக இங்கே உருவாக்கிய விளக்கு அது. மண்ணெண்ணெய் விளக்கு மலிவாகவும் பிரகாசமாகவும் கிடைத்த காலத்தில் இவர்கள் எதற்கு இந்தப் பாடு பட்டார்கள்?

பதில் அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. நிலக்கரி, பெட்ரோலியம், தாதுக்கள் எல்லாம் தொட்டியில் தேங்கிய நீர். மொள்ள மொள்ளக் குறையும். காட்டு மரம் ஓடும் ஆறு. ஆண்டுக்கு வளர்கிற அளவு மட்டும் வெட்டினால் எந்தக் காலத்துக்கும் வற்றாது. தேங்கியதை நம்பிக் கட்டிய வாழ்க்கை சண்டையில் கொண்டுபோய் விடும், ஓடுவதை நம்பியது நிலைக்கும் என்கிறார். 1945இல் வெளிவந்த இந்தப் புத்தகத்தை அவர் எழுதியது ஜபல்பூர் சிறையில். சுற்றுச்சூழல் என்ற சொல் நம் பத்திரிகைகளுக்கு வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னால். எனக்கு இது சங்கத்துப் பாஷையில்தான் புரிகிறது: ஒருவன் வட்டியில் சாப்பிடுகிறான், இன்னொருவன் அசலைத் தின்கிறான். அசலைத் தின்பவனுடைய ஏடுதான் முதல் சில வருடம் பார்க்க அழகாக இருக்கும்.

இயற்கையில் அவர் ஐந்து வகை வாழ்க்கை காண்கிறார். தாங்கும் செடியையே கொல்லும் ஒட்டுண்ணி. உழைக்காமல் தோட்டத்துப் பழத்தைப் பறிக்கும் குரங்கு. எடுத்ததற்கு ஈடாக மகரந்தம் சேர்க்கும் தேனீ. தனக்காக அல்லாமல் கூட்டுக்காகவே தேன் சேர்க்கும் அதே தேனீ. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை. தேனீ இரண்டு படியில் வருவதைப் படித்தபோது, ஒரு சங்க உறுப்பினர் பங்குத்தொகை கட்டும்போது எந்தப் படியில் நிற்கிறார் என்று யோசித்தேன். பெரும்பாலும் நகைக்கடன் படியில்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி அவர் எழுதுகிறார்: ஆலை நூலை வாங்கித் தறிக்காரனிடம் சேர்க்கிற சங்கம் கூட்டுறவாகாது. ஆலையின் நலனும் நூற்பவளின் நலனும் ஒன்றையொன்று அடிப்பவை. அவற்றை ஒரு கூரைக்குள் கொண்டுவந்து 'கூட்டுறவு' என்று பலகை மாட்டினால், சங்கம் ஆலைக்கு ஏஜெண்ட் ஆகிறது.

ஆலை நூல் இருந்த இடத்தில் யூரியாவை வைத்துப் படித்தேன். முப்பத்தோரு ஆண்டு.

உரம் வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. மூட்டை வரத் தாமதமானால் சங்கத்து வாசலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். குமரப்பா எழுதிய காலத்தையும், பின்னால் வந்த பஞ்ச பயத்தையும், அதிக விளைச்சல் நெல்லையும் ஒரே தராசில் போட முடியாது. ஆனாலும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். உறுப்பினர் வாங்கிய மூட்டைக்கு ரசீது, இருப்புப் பதிவேடு, விற்பனைப் பதிவேடு எல்லாம் என்னிடம் இருந்தன. அதே உறுப்பினரின் வீட்டுக்குப்பைக் குழி தூர்ந்துபோனதும், மாடு கைமாறியதும், மண் இறுகியதும் எந்தப் பத்தியிலும் வரவில்லை. வரவும் முடியாது, அச்சடித்த பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது. குமரப்பா செய்த வேலை எல்லாம் அந்தப் பத்தியைக் கோடு போட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கணக்கருக்கு மட்டும்தான் இது தோன்றியிருக்கும்.

அவர் விரும்பிய சங்கம் பல வேலைகளுக்கான சங்கம். விளைந்ததைச் சங்கம் சேர்த்து வைக்கும். ஊருக்கு வேண்டியதை ஊரிலேயே குற்றி, ஆட்டி, அரைத்துக் கொடுக்கும். மிஞ்சியதை மட்டும் வெளியே விற்கும். அரசுக்குக் கட்ட வேண்டிய வரியையும் தானியமாகவே செலுத்தும். பணப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நெற்குதிர் இருக்கும் ஒரு வங்கி. எங்கள் சங்கத்திலும் தானியக் கிடங்கு ஒன்று உண்டு. மானியத்தில் கட்டியது, பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் இருந்த காலத்தில் அதற்குள் ஒரு மணி தானியம் போனதில்லை. பழைய பேரேடுகளும் உடைந்த நாற்காலிகளும் போயின.

மாலையில் கோரஸ் பாக் ஒரு பெட்டி வாங்கினேன். பசுநெய் போட்டுச் செய்யும் வார்தா பிஸ்கட். வாயில் போட்டதும் கரைகிறது. மனைவியின் கோபமும் கரையும் என்று நம்புகிறேன்.

ஐந்தாம் நாள், ஜனவரி 28, சேவாகிராம்

வார்தாவிலிருந்து ஷேர் ஆட்டோவில் சேவாகிராம் ஆசிரமம். 1936இல் காந்தி குடிவந்தபோது ஊரின் பெயர் சேகாவ். ஷேகாவ் என்று பெரிய ஊர் ஒன்று இருப்பதால் தபால் எல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தது. அதனால் 1940இல் சேவாகிராம் ஆக்கினார்கள். மாபெரும் லட்சியத்தால் வைத்த பெயர் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். தபால்காரரின் கஷ்டமும் ஒரு காரணம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் குடிலுக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஆகக் கூடாது என்று காந்தி சொல்லியிருந்தார். மண்சுவர், மூங்கில், ஓடு. உள்ளே குளிர்ச்சி. ஒரு மணி நேரம் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, வரிசையாகப் போனார்கள்.

திரும்பும்போது நடந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் கருப்பு மண். எடுப்பு முடியும் தறுவாயில் பருத்திச் செடிகள், முனையில் அழுக்கு வெள்ளையாக மிச்சப் பஞ்சு. ஒரு பெரியவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். என் இந்தி ரேஷன் கடை அளவுக்குத்தான் வரும். "இது என்ன, எவ்வளவு?" என்று கேட்டேன். கபாஸ் என்றார், நாலு ஏக்கர் என்று விரலைக் காட்டினார். சாப்பாட்டுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். வாய்க்குக் கையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எனக்குப் பசி என்று நினைத்துத் தூக்குவாளியைத் திறக்கப் போனார். தடுத்துவிட்டு மறுபடி விளக்கினேன். கோதுமை, அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடையில்தான் என்றார். பிறகு வயலோரத்தில் நாலு வரிசை துவரையைக் காட்டினார்.

வார்தா இருக்கும் இந்த விதர்பா வட்டாரத்துப் பருத்தி விவசாயிகளைப் பற்றிச் செய்தித்தாளில் எவ்வளவோ படித்திருக்கிறோம். அவரிடம் அதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. குமரப்பா இந்த மண்ணில் உட்கார்ந்து வேறொரு கணக்குப் போட்டார். ஒரு லட்சம் மக்கள் உள்ள வட்டாரம். அவர்களுக்குச் சமச்சீரான சாப்பாட்டுக்கும் துணிக்கும் தானியம் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் வித்து, காய்கறி, பருத்தி எவ்வளவு. அதற்கு எத்தனை ஏக்கர். அந்த விகிதப்படி நிலத்துக்கு உரிமம் கொடுத்துப் பயிரிட வேண்டும் என்றார். ஆலைக்கு வேண்டிய கரும்பும் புகையிலையும் சோற்று நிலத்தைத் தின்னக் கூடாது. வெல்லத்துக்குப் பனை இருக்கிறதே என்றார்.

உரிமம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உதறல் எடுக்கிறது. யார் கொடுப்பார்கள், எந்த மேசையில், எவ்வளவுக்கு என்று முப்பத்தோரு ஆண்டு அனுபவம் கேட்கிறது. அவர் அந்த இடத்தில் மனிதர்களை அதிகமாக நம்பிவிட்டார். ஆனால் தூக்குவாளியைத் திறக்கப் போன பெரியவரை நினைத்தால், அவர் நம்பியது முழுத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949இல் அறிக்கை வந்தது. நிலத்துக்கும் அரசுக்கும் நடுவே நிற்பவர்கள் போக வேண்டும், உழுபவனுக்கு நிலம், கட்டுப்படியாகாத துண்டு நிலங்களைக் கூட்டாகச் சேர்த்துப் பயிர் செய்ய வேண்டும் என்றது. அந்த அறிக்கையைப் பல மாநிலங்கள் பாராட்டி அலமாரியில் வைத்தன.

ஆறாம் நாள், ஜனவரி 29, ரயில்

எழுத ஒன்றுமில்லை. விஜயவாடாவில் தயிர்சாதம் 60 ரூபாய், புளிப்பு. எதிர் இருக்கைக்காரரிடம் குமரப்பாவின் குதிரைவண்டிக் கதையைச் சொன்னேன். டெல்லியில் திட்டக் குழு சம்பந்தமான கூட்டத்துக்கு அவர் குதிரைவண்டியில் போனார். குடியரசுத் தலைவர் மாளிகைப் பக்கம் போலீஸ் வண்டியை விடவில்லை. நேருவிடம் முறையிட்டபோது, ராணுவ லாரிகள் வேகமாக வரும் சாலை, குதிரைவண்டிக்கு ஆபத்து என்றார் நேரு. அப்படியானால் ஆபத்தை உண்டாக்கும் லாரியை அல்லவா நிறுத்த வேண்டும் என்று கேட்டார் குமரப்பா. எதிர் இருக்கைக்காரர் ரசித்துச் சிரித்தார். "நல்ல வேளை, இப்போது அவர் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ்.

ஏழாம் நாள், ஜனவரி 30, தே.கல்லுப்பட்டி

மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ். திருமங்கலம் தாண்டியதும் மண் கருக்கத் தொடங்கியது. ஜன்னலை முழுவதும் திறந்துவிட்டேன். அதே கரிசல், அதே பருத்தி. காவிரி வண்டலில் பிறந்தவர், வார்தாவின் கருப்பு மண்ணில் உழைத்து, கடைசியில் மறுபடி ஒரு கருப்பு மண்ணுக்கே வந்திருக்கிறார். வார்தாவுக்கு அருகே சேல்டோவில் பண்ணை ஆசிரமம் வைத்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் விடவில்லை. 1953இல் இங்கே கோ.வெங்கடாசலபதி 1940இல் தொடங்கியிருந்த காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார்.

நான் போனபோது பத்து மணி. மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கட்டடங்கள். ஒரு தாழ்வாரத்தில் சிலர் நூற்றுக்கொண்டிருந்தார்கள். "வாருங்கள் ஐயா, எந்த ஊர்?" என்று கேட்டார் ஒரு பெரியவர். தஞ்சாவூர் என்றேன். "அவர் ஊரா!" என்று நூலை நிறுத்தினார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக என் ஊருக்குக் குமரப்பாவால் மரியாதை கிடைத்தது.

பதினொரு மணிக்கு எங்கோ சங்கு ஒலித்தது. தியாகிகள் தினம், இரண்டு நிமிடம் மௌனம். காந்தி சுடப்பட்ட நாள். பன்னிரண்டு ஆண்டு கழித்து 1960இல் அதே தேதியில், சென்னையில் சிகிச்சையில் இருந்தபோது குமரப்பாவும் போனார். நாடு முழுவதும் எழுந்து நிற்கும் நாளில் இறந்துபோனவருக்குத் தனியாக ஒரு நிமிடம் எப்படிக் கிடைக்கும்? நான் இரண்டாவது நிமிடத்தை அவருக்கென்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் பெரியவர் அந்தக் கதையைச் சொன்னார். நான் படித்திருந்த கதைதான். இருந்தாலும் கேட்டேன். குமரப்பாவின் குடிலில் காந்தி படம் ஒன்று. இன்னொரு பக்கம் சட்டையில்லாத ஏழைக் குடியானவன் ஒருவனின் படம். பார்க்க வந்தவர் காந்தி படத்தைக் காட்டிக் கேட்டபோது, என் எஜமானர் என்றார். இன்னொன்று யார் என்றதற்கு, என் எஜமானரின் எஜமானர் என்றார்.

"நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார் பெரியவர்.

"கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர்."

"அடடே" என்றார். அதில் பாராட்டு எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

மண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, வேலைக்கு ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசினோம். பக்கத்து ஊரில் சில குடும்பங்கள் குதிரைவாலியும் உளுந்தும் போட்டு, சேர்ந்தே விற்கப் பார்க்கிறார்கள் என்றார். போன வருடம் வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டதும் இரண்டு பேர் தனியாக விற்றுவிட்டார்களாம். "இந்த வருடம் அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை நடக்கிறது" என்றார். அவர்களுக்குப் பதிவேடு எழுத யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிறார்களாம், பாதி கரைந்துபோயிற்றாம். என் பையிலிருந்த நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினேன்: பெயர், தேதி, கொண்டுவந்த அளவு, வீட்டுக்கு எடுத்த அளவு, விற்ற அளவு. அப்புறம் கொஞ்சம் யோசித்து, 'நிலத்துக்குத் திரும்பியது' என்று இன்னொரு பத்தி போட்டேன். குப்பை, தழை, தொழு உரம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதை எந்த அளவில் எழுதுவது?" என்று கேட்டார். வண்டிக் கணக்கு என்றேன். தலைச்சுமைக்கு என்ன செய்வது என்றார். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போன். எனக்குப் பிறகு செயலாளரான தம்பி.

"ஐயா, பழைய தானியக் கிடங்குச் சாவி எங்கே?"

"இரும்பு அலமாரியில், 1998 பேரேட்டுக்குப் பின்னால். எதற்கு?"

"யூரியா லோடு வந்துவிட்டது ஐயா. இறக்க இடம் இல்லை. லாரிக்காரர் கத்துகிறார்."

பூட்டு இறுகியிருக்கும், தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் திருப்பு என்றேன். உள்ளே கூரை ஒழுகும் இடத்தையும் சொன்னேன், மூட்டை நனையக் கூடாதே. மதுரை பஸ் வந்தது. டிக்கெட் எடுத்ததும் பழக்கத்தில் நோட்டைத் திறந்தேன். கடைசித் தாள் கிழிந்திருந்தது. செலவைச் சட்டைப்பையிலிருந்த பழைய டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.